பெடல் மிதித்துக் கேட்ட பாட்டு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, மூட்டு வலி, மாதவிடாய் நிற்கும் காலம் என்று ஏதாவது சொல்லுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். செயலாளரும் முதலில் அப்படி ஒரு தலைப்பைத்தான் தந்தார். அவற்றைப் பற்றி நீங்கள் என்னிடம் தேநீர் வேளையில் தனித்தனியாகக் கேட்கத்தான் போகிறீர்கள். ஆகையால் மேடையில் வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். நான் பேசப்போவது ஒரு பாட்டைப் பற்றி. அதுவும் ஓர் ஆங்கில றொக் பாட்டு. நூறு வருடமாகத் தேவாரமும் கல்லூரிக் கீதமும் ஒலித்த மண்டபத்தில் இது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

கனடாவைச் சேர்ந்த பிரயன் அடம்ஸ் பாடிய 'சமர் ஒஃப் சிக்ஸ்ரி நைன்' என்ற பாட்டு. அவருடைய 'றெக்லஸ்' என்ற இசைத்தட்டில் 1984இல் வந்தது. அடுத்த வருடம் தனிப்பாட்டாக வெளியாகி அமெரிக்கத் தரவரிசையில் ஐந்தாம் இடம் வரை போனது. ஒரு பையன் தன் முதல் கிற்றாரை வாங்குகிறான், பாடசாலைக் கூட்டாளிகளோடு ஓர் இசைக்குழு அமைக்கிறான், அது கலைந்து போகிறது. வருடங்கள் கழித்து அந்த ஒரு கோடையைத் திரும்பிப் பார்த்து ஏங்குகிறான். கதை அவ்வளவுதான். மூன்றரை நிமிடம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விடயம் என்ன தெரியுமா? பிரயன் அடம்ஸ் பிறந்தது 1959 நவம்பரில். 1969 கோடையில் அவருக்கு ஒன்பது வயது. இசைக்குழுவும் காதலும் ஒன்பது வயதுப் பையனுக்கு ஏது? பாட்டைச் சேர்ந்து எழுதிய ஜிம் வலன்ஸ் 1952இல் பிறந்தவர். அவருக்குத்தான் அந்தக் கோடையில் பதினேழு வயது. ஆக, உலகம் முழுவதும் மக்கள் கண்கலங்கிக் கேட்கும் அந்த நினைவு, பாடுபவருடையது அல்ல. பின்னாளில் அந்த எண்ணுக்கு ஆண்டோடு சம்பந்தமில்லாத வேறொரு விளக்கத்தையும் அடம்ஸ் சொல்லியிருக்கிறார். அதை அதிபருக்கு முன்னால் விளக்கும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

எங்கள் வகுப்புக்கு இந்தப் பாட்டு வந்து சேர்ந்தது 1993இல், கிளாலி கடல் கடந்து. கொழும்பில் இருந்து வந்த ஒருவருடைய பையில் உடுப்புகளுக்கு நடுவே ஒரு கசற் இருந்தது. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை என்பதை இளைய தங்கைமாருக்குச் சொல்ல வேண்டும். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் கிடைத்தால் ஜாம் போத்தல் விளக்கு. மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில்தான் புகைத்துக்கொண்டு ஓடின. பத்திரிகைகள் கொப்பித் தாளில் அச்சாகின. றேடியோ கேட்கவோ பாட்டுக் கேட்கவோ வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, அல்லது ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பி.பி.சி. தமிழோசையை ஊர் முழுவதும் அப்படித்தான் கேட்டது.

என் வகுப்புச் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. அவளுடைய அண்ணா ஏதோ டையோட்டுகள் எல்லாம் பொருத்திச் செய்து வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் ரியூசன் முடிய ஐந்தாறு பேர் அங்கே போவோம். கிணற்றில் தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்பிக் கொடுத்தால் அரை மணித்தியாலம் பாட்டு, அதுதான் அவளுடைய அம்மாவோடு ஒப்பந்தம். அண்ணாதான் பெடல் சுற்றுவார். அவர் இல்லாவிட்டால் நாங்கள் முறை வைத்துச் சுற்றுவோம். கை களைத்தால் பாட்டு இழுபடும். பிரயன் அடம்ஸின் குரல் திடீரென்று எங்கள் ஊர்ச் சங்கக்கடை மனேஜருடைய குரல் மாதிரி ஆகிவிடும். யாராவது விழுந்து விழுந்து சிரிப்போம். பிறகு அடுத்தவள் பாய்ந்து பெடலைப் பிடிப்பாள். பாட்டு மறுபடி மேலேறும்.

எங்களுடைய ஆங்கிலத்துக்கு அந்தப் பாட்டில் பாதி விளங்கவில்லை. கோடை என்பதே விளங்கவில்லை. எங்களுக்குக் கோடை என்றால் கிணறு வற்றுவது, சோளகக் காற்றில் புழுதி கண்ணுக்குள் போவது. அதை ஏன் ஒருவர் ஏங்கிப் பாடுகிறார்? மாதக்கணக்காகப் பனிக்குள் கிடந்த பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறையும் வெயிலும் ஒன்றாக வருவதுதான் கோடை என்று, என்னோடு படித்தவர்கள் ரொறன்ரோவில் போய் இறங்கியபிறகுதான் எழுதினார்கள்.

மருத்துவபீடத்துக்குப் போன பின் ஒருநாள் கொழும்பில் பஸ்ஸில் இதே பாட்டுப் போனது. எனக்கு ஏதோ பிழை போல இருந்தது. பாட்டு மிக வேகமாக ஓடியது. யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: சரியான வேகத்தில் அதை நான் அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கேட்கிறேன். என் தலைக்குள் இருந்த பாட்டு பெடல் வேகத்துப் பாட்டு. இன்றைக்கும் மூலப்பாட்டைக் கேட்டால் யாரோ அவசரப்படுத்துகிற மாதிரித்தான் எனக்கு இருக்கிறது.

முன்வரிசையில் இருக்கும் அக்காமார், 'இதென்ன பெரிய பாட்டு' என்று நினைப்பது தெரிகிறது. உங்களுக்கு நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' இருக்கிறது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இருக்கிறது. எழுபதுகளின் ஈழத்துப் பொப் பாடல்களைச் சொன்னவுடன் இரண்டாம் வரிசையில் இரண்டு பேருடைய கால்கள் அசைந்ததை இங்கிருந்து பார்த்தேன். அதைத்தான் நான் சொல்ல வந்தது.

இந்த ஏக்கத்தை ஒருகாலத்தில் வைத்தியர்கள் நோய் என்றே எழுதி வைத்தார்கள். 1688இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் யொகான்னஸ் ஹோபர் என்ற பத்தொன்பது வயது மருத்துவ மாணவர் தன் ஆய்வுரையில் இதற்குப் பெயர் வைத்தார். 'வீடு திரும்புதல்' என்ற கிரேக்கச் சொல்லையும் 'வலி' என்ற கிரேக்கச் சொல்லையும் ஒட்டி 'நொஸ்ரால்ஜியா' என்றார். வீட்டை விட்டுத் தூரத்தில் இருந்த சுவிஸ் இளைஞர்கள் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், காய்ச்சல் கண்டு மெலிந்தார்கள். அட்டை விட்டுப் பார்த்தார்கள், அபின் கொடுத்துப் பார்த்தார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பியதுதான் மிகவும் வேலை செய்த மருந்து. ரூசோ 1768இல் தன்னுடைய இசை அகராதியில் இன்னொன்றும் எழுதினார். மலையில் மாடு மேய்ப்பவர்கள் பாடும் ஒரு மெட்டைக் கேட்டால் சுவிஸ் படைவீரர்கள் அழுவார்கள், படையை விட்டு ஓடுவார்கள், இறந்தும் போவார்கள், ஆகையால் அந்த மெட்டைப் படைகளுக்குள் இசைக்கக்கூடாது என்று தடை இருந்ததாம். பாட்டைத் தடைசெய்தவர்கள் எங்கள் நாட்டில் மட்டும் இருக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு இது நோய் அல்ல. ஆனால் ஹோபர் கண்டது உண்மை. நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நினைவுக்கு வருவதைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்து விடயங்கள் அளவுக்கு மிஞ்சி வருகின்றன. வரைபடத்தில் போட்டால் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். முதல் தடவையாக நடந்தவை எல்லாம் அந்த வயதில்தான் நடந்தன. நான் யார் என்பதை நாங்கள் முடிவு செய்ததும் அப்போதுதான். மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2011இல் செய்த ஓர் ஆய்வில், பிடித்த இசையைக் கேட்டு மெய்சிலிர்க்கும்போது மூளையில் டோபமின் சுரப்பதைப் படம் பிடித்தார்கள். சிலிர்க்கும் கணத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே சுரக்கத் தொடங்கிவிடுகிறது. கலிபோர்னியாவில் டேவிஸில் பெற்ர் ஜனாற்றா என்பவர் 2009இல் காட்டியது இன்னும் முக்கியமானது. ஒரு பாட்டு ஒருவருடைய சொந்த நினைவோடு எவ்வளவு இறுகப் பிணைந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் ஒரு பகுதி வேலை செய்கிறது. அல்சைமர் நோயில் கடைசியாகத் தேயும் பகுதிகளில் அதுவும் ஒன்று. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் 'கவலையில்லாத காலம்' என்ற சொல்லைப் பற்றி. எங்கள் வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருமுறை யாராவது அதை எழுதுவார்கள். அந்தப் பாட்டையும் சேர்த்து அனுப்புவார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன நெருடல் வரும். 1993, 94 யாழ்ப்பாணத்தில் கவலை இல்லையா? பொம்மர் வந்தால் பாடத்தை நடுவில் விட்டுப் பங்கருக்குள் இறங்கினோம். காலையில் வந்த பிள்ளைகள் எல்லோரும் பின்னேரம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று எந்த நாளும் நிச்சயம் இருக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்புப் பொய்யில்லை. நாங்கள் உண்மையாகவே சிரித்தோம். அப்படியானால் கவலை எங்கே போனது?

என் அம்மா வீட்டுக் கணக்கைப் பழைய கொப்பியில் எழுதி வந்தவர். அவர் காலமான பிறகு அந்தக் கொப்பி எனக்குக் கிடைத்தது. நாங்கள் பெடல் சுற்றிக்கொண்டிருந்த மாதங்களின் பக்கங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அரிசி, அரைப் போத்தல் மண்ணெண்ணெய், என்னுடைய ரியூசன் காசு. அதற்குக் கீழே 'காப்பு ஒரு சோடி' என்று எழுதி, எதிரே வரவுப் பக்கத்தில் ஒரு தொகை. அம்மா காப்பை விற்றது எனக்கு அதுவரை தெரியாது. கைவலி என்று கழற்றி வைத்திருப்பதாகத்தான் சொன்னார்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்பு ரீச்சர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். 'ரீச்சர், குண்டு போட்ட நேரத்திலயும் நீங்கள் ஒருநாளும் பதறினதை நாங்கள் காணேல்லை' என்றேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: 'உங்களுக்கு முன்னால பயப்பிடக் கூடாது எண்டு நாங்கள் ஸ்ராவ் றூமுக்குள்ள கதைச்சு வைச்சிருந்தனாங்கள், பிள்ளை. ஆருக்கும் ஏலாமல் வந்தால் அவ கொஞ்ச நேரம் மல்லிகைப் பந்தலுக்குப் பின்னால போய் நிண்டிட்டு வருவா. மற்றவ அவவின்ர வகுப்பையும் சேர்த்துப் பாப்பா.' அந்தப் பந்தல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரீச்சர்மார் பூப்பறிக்கிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

எங்களிடம் இல்லாத கவலையை இரண்டு பங்காக யாரோ சுமந்திருக்கிறார்கள். அந்த ஆசிரியைகளில் நாலைந்து பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

இனி, அந்தப் பெடல் வீட்டுச் சிநேகிதியைப் பற்றி. அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த அளவில்தான் சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லோரையும் போல அவர்களும் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்தார்கள். வந்து சில மாதங்களில், சைக்கிளில் வெளியே போன அண்ணா வீட்டுக்குத் திரும்பவில்லை. இன்று வரைக்கும் தகவல் இல்லை. அவள் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். கனடாவில் வானொலிகள் ஒலிபரப்பும் ஜனரஞ்சக இசையில் குறைந்தது 35 வீதம் கனேடிய இசையாக இருக்க வேண்டும் என்று நீண்டகாலமாக ஒரு விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அதனால் பிரயன் அடம்ஸிடம் இருந்து அவளுக்குத் தப்ப முடியாது. காரில், கடையில், பல் வைத்தியரின் வரவேற்பறையில். அந்தப் பாட்டின் முதல் கிற்றார் ஒலி வந்தவுடன் றேடியோவை நிறுத்துவாள், நிறுத்த முடியாத இடம் என்றால் எழுந்து வெளியே போவாள். வருடக்கணக்காக அவள் வட்ஸ்அப் குழுவில் இருந்து விலகியிருந்ததற்கும் ஒன்றுகூடல்களுக்கு வராததற்கும் எங்களில் சிலர் 'பெருமை பிடித்தவள்' என்று காரணம் கண்டுபிடித்தார்கள்.

எனக்கு டோபமினைச் சுரக்க வைக்கும் அதே மூன்றரை நிமிடம் அவளுக்குச் செய்வது வேறு. மூளைக்குள் வழி ஒன்றுதான். அந்த வழியின் முடிவில் எனக்குச் சிரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவளுக்குப் பெடல் சுற்றும் கை இருக்கிறது. போன வருடம் எங்கள் குழுவில் ஒரு சின்ன ஒழுங்கு கொண்டுவந்தோம்: பழைய பாட்டுகளை நினைத்தபாட்டுக்கு அனுப்புவதில்லை, ஒன்றுகூடலில் போடுவதற்கு முன் கேட்பது. அதற்குப் பிறகு அவள் திரும்பக் குழுவில் சேர்ந்தாள்.

இப்போது மூளையின் அந்தக் கடைசியாகத் தேயும் பகுதிக்கு வருகிறேன். நான் லண்டனில் முதியோர் மருத்துவப் பிரிவில் வேலை செய்கிறேன். மறதிநோய் கண்ட எங்கள் ஊர் அம்மாமார் சிலர் என்னுடைய கவனிப்பில் இருந்திருக்கிறார்கள். ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி. முப்பது வருடம் ஆங்கிலத்தில் அலுவலக வேலை பார்த்தவர். இரண்டாவதாகக் கற்ற மொழிதான் பலருக்கு முதலில் நழுவும். அவருக்கும் ஆங்கிலம் போய்விட்டது. வார்ட்டில் மற்ற முதியவர்களுக்குப் போடுவதைப் போல வேரா லின்னின் போர்க்காலப் பாட்டுகளை அவருக்கும் போட்டார்கள். நல்ல மனதோடுதான். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார், சாப்பிட மறுத்தார். மகளிடம், 'அம்மாவுக்குச் சின்ன வயதில் என்ன பாட்டுப் பிடிக்கும்?' என்று கேட்டேன். மகளுக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த அம்மா, சமைத்தும் வேலைக்குப் போயும் களைத்த அம்மா. பாட்டுக் கேட்ட அம்மாவை அவர் அறியார். பிறகு அம்மாவோடு கூடப்படித்த ஒருவரைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தோம். 'அவளோ! சின்ன மாமியே பாட்டுக்கு விடுதிக் கட்டிலில ஏறி ஆடினவள்' என்றார். அந்தப் பாட்டைப் போட்டோம். அம்மாவின் விரல் போர்வையில் தாளம் போட்டது. அன்றைக்கு அரைக் கோப்பைக் கஞ்சி குடித்தார். நோய் மாறவில்லை, மாறவும் மாறாது. அரைக் கோப்பைக் கஞ்சி என்பது எங்கள் வார்ட்டில் பெரிய விடயம்.

பிள்ளைக்குத் தெரியாதது கூடப்படித்தவருக்குத் தெரிந்திருந்தது. பழைய மாணவிகள் சங்கம் எதற்கு என்று என்னிடம் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன். கட்டடநிதி சேர்ப்பதும் முக்கியம்தான், பொருளாளர் கோபிக்கக் கூடாது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடத்து வகுப்பும் தங்களுடைய பாட்டுகளை எழுதி வையுங்கள். பதினைந்து வயதில் இருந்து இருபத்தைந்து வரைக்கும் கேட்டவை. சினிமாப் பாட்டு, பொப் பாட்டு, தேவாரம், இல்ல விளையாட்டுப் போட்டியில் கத்தியவை, எதுவானாலும். ஒரு பிரதியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒன்றைச் சங்கத்திடம் கொடுங்கள். இரண்டு நிரல் போடுங்கள்: எனக்குப் போட வேண்டிய பாட்டு, எனக்குப் போடக்கூடாத பாட்டு. இரண்டாவது நிரல் முதலாவதைப் போலவே அவசியம். பேச முடியாத நாளில் எழுந்து வெளியே போகவும் முடியாது.

என் சிநேகிதி தன்னுடைய பட்டியலை முதல் ஆளாக அனுப்பியிருந்தாள். அந்தப் பாட்டை இரண்டு நிரலிலும் எழுதியிருந்தாள். எந்த நிரலில் வைத்துக்கொள்ளட்டும் என்று கேட்டேன். 'இரண்டிலயும் கிடக்கட்டும். கேட்டுப் பாத்துப் போடு' என்று பதில் வந்தது.

படிவங்கள் மண்டபத்தின் பின்பக்க மேசையில், வரவுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. கண்ணாடி கொண்டுவராத அக்காமாருக்கு உயர்தர வகுப்புத் தங்கைமார் எழுதித் தருவார்கள். தேநீருக்கு முன்னால் நிரப்பித் தந்தால் நல்லது, வடை வந்தபிறகு ஒருவரையும் பிடிக்க முடியாது.